காற்றைத் தின்ற தொட்டி

போன வருஷம் சித்திரையில், திருவொற்றியூரில் உள்ள என் பழைய இரும்பு யார்டில், உச்சி வெயிலில் நடந்தது இது. ஒரு காலித் தொட்டி என்னைக் கொன்றிருக்கும். கொல்லவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தெற்கே இருந்து வந்து ராயபுரத்தில் கடை போட்ட குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு மளிகை மொத்த வியாபாரம். எனக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்து பருப்பு நிறுப்பது சரிப்படவில்லை, இரும்புக்கு மாறினேன். எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகள் கழித்துப்போடும் டிரம், குழாய், தொட்டி எல்லாவற்றையும் வாங்கி, தேறுவதைத் தேற்றி விற்கிறேன். யார்டுக்கு ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலை, மறுபக்கம் கடல். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் இரும்புக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர்களில் மழை ஒரு பருவம். எங்களுக்குத் துருவும் ஒரு பருவம், வந்தால் போகாது.

அந்த இரும்புத் தொட்டி தண்ணீர் மட்டுமே பார்த்தது. எண்ணெய், ரசாயனம் எதுவும் அதில் இருந்ததில்லை. நான்தான் கழுவி, ரப்பர் வைத்து மூடியை போல்ட் போட்டு முடுக்கி, குழாய் வாய்களைத் தகடு வைத்து அடைத்து, முந்தைய மழைக்கு முன்பே மூலையில் தள்ளியிருந்தேன். இப்போது ஒருவர் கேட்டு வந்திருந்தார். உள்ளே சுரண்டி பெயிண்ட் அடித்துக் கொடுக்க வேண்டும்.

பெயிண்டர் காசிமேட்டுக்காரர், வெகுகாலமாக எனக்கு வேலை செய்கிறவர். அன்று அவருக்குச் சாப்பாட்டு கேரியரைத் தூக்கிக்கொண்டு அவர் மகளும் வந்திருந்தாள். வெளியூரில் பெரிய கல்லூரி ஒன்றில் படிக்கிற பெண், லீவுக்கு வந்திருக்கிறாள்.

“என்னம்மா படிக்கிற?”

“இன்ஜினியரிங் பிசிக்ஸ் சார்.”

“இன்ஜினியரிங்கா, பிசிக்ஸா?”

“ரெண்டும் சார்.”

“எனக்கும் அதே டவுட்டுதான் சார்,” என்றார் பெயிண்டர். “யாருனா கேட்டா ‘பெரிய படிப்பு பட்சிகினு கீது’ன்னு சொல்லி எஸ்கேப் ஆயிடுவேன்.”

“நீ என்னிக்கு நைனா காது குட்த்து கேட்ட?”

நானும் என் பங்குக்கு, கம்பெனிக்காரன் எந்தப் பேரைச் சொல்லி வேலைக்குக் கூப்பிடுவான் என்று கேட்டுவைத்தேன். அவள் சிரித்தாள். பலபேர் கேட்டுத் தேய்ந்துபோன கேள்வி என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

ஏணி வைத்துத் தொட்டியின் மேலே ஏறினோம். வேடிக்கை பார்க்க அவளும் ஏறி வந்தாள். தகடு செருப்பையும் தாண்டிச் சுட்டது. பெயிண்டர் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். கடைசி சிலதைத் தளர்த்தும்போது மூடியின் ஓரத்தில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு சத்தம்.

“கேஸு சார், நவுந்துக்கோ,” என்றார். நகர்ந்து நின்றோம். சத்தம் அடங்கியது. “பூட்ச்சு. இனிமே ஒண்ணும் இல்ல.”

கீல் வைத்த மூடியை இரண்டு பேருமாக மல்லாத்தினோம். மோந்து பார்த்தேன். நாற்றம் எதுவும் இல்லை, கண் எரியவில்லை. போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு தலையை உள்ளே விட்டேன். சுவரெல்லாம் துரு, செம்பட்டுத் துணி விரித்தமாதிரி மெத்தென்று, பார்க்க அழகாகக்கூட இருந்தது. இலேசாகத் தலை சுற்றியது. வெயில் என்று நினைத்தேன். தலையை வெளியே இழுப்பதற்குள் போன் கையிலிருந்து நழுவிவிட்டது.

அடியில் போய் விழுந்து, உடையாமல், டார்ச் மேலே பார்த்து எரிந்துகொண்டிருந்தது. போதாததற்கு மணியும் அடித்தது. என் மனைவி. தொட்டி முழுக்க அந்த மணி கோயில் மண்டபம்போல முழங்கியது.

“இர்ரு சார், எறங்கி எட்த்தார்றேன்,” என்று பெயிண்டர் லுங்கியை மடித்துக் கட்டினார். எனக்குப் பொறுமை கிடையாது. உள்ளேயே இரும்பு ஏணி வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். அவர் கட்டி முடிப்பதற்குள் நான் ஒரு காலை அதில் வைத்துவிட்டேன்.

என் சட்டைக் காலரை யாரோ பிடித்து இழுத்தார்கள். அந்தப் பெண்தான்.

“சார், காலை வெளிய எடுங்க. எடுங்க சார்!”

கோபம் வந்தது. ஆனால் காலை எடுத்தேன். எடுத்ததுதான் தாமதம், மூடியைக் காலால் தள்ளிச் சாத்தினாள். அங்கே கிடந்த கோணிச் சாக்கை அதன்மேல் போட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஏய், இன்னா பண்ற? ஓனர்மா அவுரு. எய்ந்திரு!”

“நீ எறங்க மாட்டேன்னு சொல்லு, எய்ந்துக்கறேன்.”

“அடிங்... கேஸுதான் வெளிய பூட்ச்சே!”

“வெளிய வர்ல நைனா. உள்ள போச்சு. இத்த பாரு.”

மூடியின் ரப்பர் ஓரத்தைக் காட்டினாள். கை துடைக்க வைத்திருந்த பஞ்சு வேஸ்டிலிருந்து ஒரு நூல் அங்கே சிக்கியிருந்தது. சத்தம் வந்தபோது அந்த நூல் வெளிப்பக்கம் பறக்காமல் உள்பக்கம் இழுபட்டதை அவள் பார்த்திருக்கிறாள். நானும் அங்கேதான் நின்றேன். சத்தத்தைக் கேட்டேன், அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவில்லை.

“போனா போகட்டும், காத்துதானே?” என்றேன்.

“சார், காலையிலேர்ந்து வெயில்ல காஞ்ச டேங்க். உள்ள இருக்கிற காத்து சூடாகி, திறந்ததும் வெளியதான் அடிக்கணும். இது உள்ள இழுக்குது. அப்படின்னா உள்ள இருந்ததுல ஒரு பங்கைக் காணோம். எங்க போச்சு?”

“எங்கியாவது ஓட்ட இருக்கும்,” என்றார் பெயிண்டர்.

“ஓட்ட இருந்தா இழுக்காது நைனா. வெளிக்காத்து பூந்து அதுவே ரொப்பிக்கும். துரு தின்னுட்ச்சு. இரும்பு துருப்புடிக்க ஆக்ஸிஜன் வோணும். மாசக்கணக்கா மூடி வெச்ச டேங்குல இருந்தத அது தின்னுட்ச்சு. மிச்சம் கீறதுக்கு வாசனை இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு மூச்சுல ஆள சாச்சிடும். சார் வுழுவாரு. அவர தூக்க நீ எறங்குவ. அப்பால உன்ன தூக்க நானு. அம்மா வந்து மூணு பேரையும் பாக்கும்.”

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உடைந்தது. மூடிய தகட்டுக்குக் கீழே என் போன் மறுபடியும் அடித்தது.

எனக்கு இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. அவளுக்கும் அது தெரிந்தது. உள்ளே நெருப்பைக் காட்டலாமா என்று தெரிந்துகொள்ள, தண்ணீரைத் தவிர வேறு எதுவும் இதில் இருந்ததில்லையே என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஆபீசிலிருந்து ஒரு மெழுகுவத்தி கொண்டுவரச் சொன்னாள். தகர டப்பாவுக்குள் நிறுத்தி, கம்பியில் கட்டி, மூடியைத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டி மெதுவாக இறக்கினாள்.

தொட்டியின் வாயருகே நன்றாக எரிந்தது. ஒரு முழம் இறங்கியதும் சுடர் சுருங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்க, நீலமாகி, இல்லாமல் போனது. காற்று அடிக்கவில்லை, யாரும் ஊதவில்லை. வெளியே எடுத்துப் பற்றவைத்து மறுபடி விட்டாள். அதே இடத்தில் அதே மாதிரி போனது. அதற்கும் கீழே என் போனின் வெளிச்சம் மட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

பெயிண்டர் அப்படியே தகட்டில் உட்கார்ந்தார். சூடு அவருக்கு உறைக்கவே இல்லை. “எத்தினி டேங்குல எறங்கிகீறேன்மா நானு...”

“அத்த நென்ச்சிதான் ஹாஸ்டல்ல எனக்குத் தூக்கம் வராது.”

கீழே இறங்கி நிழலுக்கு வந்ததும் அவளிடம் கேட்டேன், இதெல்லாம் எந்தப் பாடத்தில் வருகிறது என்று.

“துரு கெமிஸ்ட்ரி சார். மூடி இழுத்தது பிசிக்ஸ். இப்படி ஒரு டேங்கை எப்படித் திறக்கணும், ஆளை எப்படி இறக்கணும்ங்கிறது இன்ஜினியரிங். தனித்தனியாப் படிச்சா மூணுலயும் பாஸ் பண்ணிடலாம். ஆளுதான் பெயில் ஆயிடுவான்.”

அவள் அப்பா பெரிதாகச் சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன். தண்ணீர் டம்ளரை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். போன் நழுவியது வெயிலால் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தலையை உள்ளே விட்டு நான் இழுத்தது ஓரிரண்டு மூச்சுதான். அதற்குள் என் விரல்கள் என் பேச்சைக் கேட்காமல் போயிருந்தன.

பக்கத்து ஐஸ் கடையில் மீன் அள்ளும் வலைக்கரண்டி வாங்கி, மூங்கிலில் கட்டி, போனை மேலே எடுத்தோம். மனைவியிடம் பேசினேன்.

“இவ்வளவு நேரம் ஏன் எடுக்கல?”

“போன் தொட்டிக்குள்ள விழுந்துடுச்சு.”

“நீங்க எங்க இருந்தீங்க?”

வெளியே, என்றேன்.

அன்று அடைப்புத் தகடுகளையும் கழற்றி, காற்று ஊதும் மோட்டாரை வைத்து ஓடவிட்டோம். மெழுகுவத்தி அணைந்தால் ஆபத்து நிச்சயம், அணையாவிட்டால் பத்திரம் என்று அர்த்தமில்லை என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால் மறுநாள் தெரிந்த கான்ட்ராக்டரிடமிருந்து ஆக்ஸிஜன் மீட்டர் வரவழைத்து அளந்த பிறகுதான் பெயிண்டர் இறங்கினார். இடுப்பில் கயிறு, தொட்டி வாயருகே காவலுக்கு ஓர் ஆள். அந்த ஆள் நான்தான். அவர் உள்ளே பாடிக்கொண்டே சுரண்டினார். பாட்டு எங்கே நின்றாலும் “இருக்கீரா?” என்று கத்தினேன். “கீறேன் சார், மூச்சு வாங்கிக்கிறேன்,” என்று குரல் வரும்.

இப்போது என் யார்டில் மூடிக் கிடந்த எதைத் திறந்தாலும், திறக்கும்முன் ஓர் இழையைப் பக்கத்தில் பிடித்து, ஊதுகிறதா இழுக்கிறதா என்று பார்க்கிறோம். இரண்டில் எது செய்தாலும் மீட்டர் வராமல் தலையை நீட்டுவதில்லை. புதிதாக வருகிறவர்கள் ஏதோ சடங்கு என்று நினைக்கிறார்கள். விளக்கிச் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் ஒன்று தோன்றும். அன்று அவள் இல்லாமல் நான் உள்ளே விழுந்திருந்தால், ‘வெயில் தாங்காமல் மயங்கிவிட்டார், பாவம்’ என்று சொல்லி எல்லாரும் கலைந்து போயிருப்பார்கள். தொட்டியும் அதே குற்றமற்ற முகத்தோடு மூலையில் நின்றிருக்கும். என் சாவுக்கு ஒரு காரணம் இருந்ததே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். அதை நினைத்தால், இன்றும் நான் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் கணக்கில் இல்லாமல் கிடைத்த உபரி என்றே தோன்றுகிறது.