இருபது இருக்கைகளுக்கு மேல்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படுக்கை விரிப்பை அவள் மடித்தால் ஓரமும் ஓரமும் ஒட்டிப் பிறந்தது போல நிற்கும். அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உண்டு, கற்றுக்கொண்டவர்கள் இல்லை. ஈரம் போன விரிப்பை ஒருத்தியே மடிக்க முடியாது. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி நின்று உதறி, இழுத்து, நடந்து வந்து சேர்க்க வேண்டும். அவளுக்கு எதிர் முனையில் நிற்பவளுக்கு வாயாடி என்று பெயர். வைத்த பெயருக்கு அவளும் குறை வைக்கவில்லை.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் நேத்து மூணாம் மாடி லிஃப்டை ரிப்பேர் பண்ண வந்தாரு. நோயாளி, டாக்டர், தண்ணி கேன் போடறவன் ஒருத்தரையும் விடல. சிட்டு சட்டம் அடுத்த வாரம் ஓட்டுக்கு வருதாமே? லிஃப்ட் சரியாகி ரொம்ப நேரமாச்சு, அவர் பேச்சு முடியல" என்று விரிப்பை உதறிக்கொண்டே சொன்னாள் வாயாடி.

மடிப்பக்கா சிரித்தாள். அவர் பேசுகிறார் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும். ஏனென்றால் ஒரு வருடம் முழுக்க அந்த மனிதர் வாயைத் திறக்கவே இல்லை.

சிட்டு அவர்களுடைய ஒரே பெண். வீட்டில் செல்லமாகக் கூப்பிட்ட பெயர் அது. மூன்றாம் வகுப்பு படித்தாள். பள்ளிக்கூட வேன் எதிர்ச் சாரியில்தான் நிற்கும். ஓட்டுகிறவர் இருக்கையை விட்டு இறங்க முடியாது. ஒரு நாள் மாலை பிள்ளை இறங்கி, வேனின் பின்பக்கமாகச் சுற்றி, வீட்டைப் பார்த்து ஓடி வந்தாள். லாரிக்காரனுக்கு அவள் தெரியவே இல்லை. கூட இறங்கிக் கையைப் பிடிக்க ஓர் ஆள் இருந்திருந்தால் என்று தெருவே சொன்னது. சொல்லிவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விட்டார்கள். போகாதவர் ஒருவர்தான்: அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்.

அரசியல்வாதி அழுதால் கண்ணில் என்ன தடவிக்கொண்டு வந்தார்கள் என்று கேட்பது நம் வழக்கம். அந்த அம்மாள் நிஜமாகவே அழுதார். வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, மடிப்பக்காவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "ஒவ்வொரு பள்ளி வண்டியிலயும் ஒரு ஆள் இருக்கணும்னு சட்டம் கொண்டு வரேன்மா. உங்க பொண்ணு பேர்லயே கொண்டு வரேன்" என்றார். சொன்னபடி கொண்டும் வந்தார். அந்த மசோதாவின் முழுப்பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க யாராலும் ஆகாது. அதனால் சபையிலும் வெளியிலும் அது சிட்டு மசோதா ஆயிற்று.

உறுப்பினர் அலுவலகத்திலிருந்து மாதம் ஒரு செய்திமடல் வீட்டு வாசலுக்கு வரும். முன்பக்கத்தில் மசோதாக்கள், உள்ளே ஊர்ச் சங்கதி. பாலத்துக்குப் பூச்சு வேலை, நூலகம் இனி ஞாயிறும் திறந்திருக்கும், ஓய்வுபெற்ற தபால்காரருக்குத் தொண்ணூறு வயது, காணாமல் போன கிளி கிடைத்துவிட்டது என்று எல்லாம் இருக்கும். அதில் முதல்முறை சிட்டுவின் பெயர் வந்தபோது அவள் கணவர் லிஃப்ட்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றார். "இதோ பாரு, போட்டிருக்கான்" என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். அன்றிலிருந்து முடிவெட்டும் கடை, பேருந்து, பழுதாகி நின்ற லிஃப்ட் என்று எங்கே நாலு பேர் கிடைத்தாலும் தலைப்பைக் காட்டி ஒரு பாட்டம் பேசிவிட்டுத்தான் விடுவார். தலைப்புக்குக் கீழே இருப்பதை அவர் படிப்பதில்லை. தலைப்பிலேயே அவருக்கு வேண்டியது இருந்தது.

ஓட்டெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது உறுப்பினரின் உதவியாளர் வீட்டுக்கு வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, காதில் போன். லிஃப்ட்காரர் வேலைக்குப் போயிருந்தார்.

"அக்கா, அடுத்த மடல் ரெடி. நீங்க சொன்னதை மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க" என்று தாளை நீட்டினான்.

'இன்றுதான் எங்கள் மனம் ஆறியது' என்று கண்கலங்கக் கூறினார் தாய், என்று போட்டிருந்தது.

"இதை நான் எப்ப சொன்னேன்?"

"சொல்லப் போறீங்க இல்ல? அன்னைக்கு ஓட்டு முடிஞ்சு, உங்களைக் கேட்டு எழுதி, அப்புறம் அச்சுக்குக் கொடுத்தா லேட்டாயிடும்க்கா."

கண்கலங்குவதற்குக்கூட முன்பதிவு செய்கிற பிழைப்பு அது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் முதல் வரியிலிருந்து படித்தாள். அவள் படித்தால் முழுசாகத்தான் படிப்பாள். நடுவில், சின்ன எழுத்தில், பிள்ளைகளை இறக்கிவிட ஓர் ஆள் கட்டாயம் என்ற வரிக்கு முன்னால் 'இருபது இருக்கைகளுக்கு மேல் உள்ள பள்ளி வாகனங்களில்' என்று இருந்தது.

சிட்டு போன வேனில் பன்னிரண்டு இருக்கைகள். "பன்னெண்டு புள்ளைங்க, அதுக்கு மேல ஒரு பையைக்கூட ஏத்த மாட்டேன்" என்று அந்த வேன்காரர் பெருமையடித்துக்கொள்வார். மடிப்பக்கா அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். அது மாறவில்லை.

மறுநாள் வேலை முடிந்து நேராக உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனாள். சாலை, குடிநீர், சான்றிதழ் என்று ஆளுக்கொரு குறையோடு வரிசை நின்றது. உறுப்பினர் அவளைப் பார்த்ததும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். அவள் வாயைத் திறப்பதற்குள்ளேயே, "தெரியும்மா. நீங்க வருவீங்கன்னும் தெரியும்" என்றார்.

"எங்க வண்டிக்கு இது இல்லையே மேடம்."

"சின்ன வண்டிக்காரங்க ஒத்துக்கல. இன்னொரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்தா வண்டியை வித்துட்டுப் போக வேண்டியதுதான்னு அழுதாங்க. அவங்க பக்கம் நியாயமே இல்லன்னு என்னால சொல்ல முடியல. அவங்களுக்காகப் பேசற உறுப்பினர்ங்க கழண்டுகிட்டா மொத்தமும் தோத்துடும். அதான், கிடைச்ச வரைக்கும் வாங்கிட்டேன்."

"அப்போ அவ பேரை எடுத்துடுங்க."

உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பாதிப் பேர் அந்தப் பேருக்காகத்தான் கையைத் தூக்கறாங்க. செத்துப்போன குழந்தைக்கு எதிரா ஓட்டுப் போட்டான்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாதேன்னு பயம். பேரை எடுத்துட்டா பெரிய பஸ்ஸுக்கும் கிடைக்காது. ஆனா ஒண்ணு. நீங்க ரெண்டு பேரும் வேணாம்னா நான் எடுத்துடுவேன். வீட்டுக்காரரைக் கேட்டு, ஓட்டுக்கு முந்தின நாளுக்குள்ள சொல்லுங்க."

வீட்டுக்காரரைக் கேட்டு. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

அவள் வீட்டுக்குப் போனபோது லிஃப்ட்காரர் ஓட்டெடுப்பன்று சட்டசபைக்குப் போட்டுக்கொண்டு போக வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து அவர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதே இல்லை. மூன்று மடிப்பு விழ வேண்டிய இடத்தில் முப்பது விழுந்திருந்தது.

"ஏங்க, அந்தச் சட்டத்துல..." என்று ஆரம்பித்தாள்.

"அதைத்தான் நானும் நெனச்சுட்டிருந்தேன்" என்றார் அவர், சட்டையைப் பார்த்தபடி. "இனிமே நம்ம தெருவுல ஒரு புள்ளையும் தனியா ரோட்டைத் தாண்டாது. அவ போனதுக்கு அதாவது மிஞ்சுச்சே. இல்ல?"

அந்த முகத்தை அவள் பார்த்தாள். இதைப் பிடுங்கிவிட்டால் மறுபடியும் அந்த ஊமை வருடம் வந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொள்ளும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. "ஆமாங்க" என்றாள். சட்டையை அவர் கையிலிருந்து வாங்கி அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

சலவைக்கூடத்தில் வாயாடி வேறு அவள் வாயை அடைத்தாள். "என் பையன் பெரிய பஸ்லதான்க்கா போறான். இனிமே ஆள் போடுவாங்களாம். உங்க பொண்ணுதான்க்கா அவன் கையைப் பிடிச்சு இறக்கி விடப்போறா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதைக் கேட்ட பிறகு பேரை எடு என்று யாருக்குப் போன் செய்வது? ஓட்டுக்கு முந்தின நாளும் வந்து போயிற்று. அவள் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் மென்று விழுங்கினாள். அது செரிக்கவில்லை.

சபையின் பார்வையாளர் மாடத்தில் பேசக்கூடாது, எழுந்து நிற்கக்கூடாது என்று காவலர் சொல்லி உட்கார வைத்தார். கீழே யாரோ எதையோ வாசித்தார்கள், கைகள் உயர்ந்தன, மசோதா நிறைவேறியது. அவ்வளவுதான். பிறகு உறுப்பினர்கள் எல்லோரும் எழுந்து மாடத்தைப் பார்த்துக் கை தட்டினார்கள். லிஃப்ட்காரரால் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டார். காவலரும் பேசாமல் இருந்துவிட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் படம் எடுக்க ஏற்பாடு. உறுப்பினர் வரும்வரை லிஃப்ட்காரர் உதவியாளனின் தோளில் கைபோட்டு, கல்யாண வீட்டுக்காரர் போல, "தம்பி, எங்க தெரு வேனுக்கு எப்பத்திலேர்ந்து ஆள் வரும்? சொன்னா அந்தப் புள்ளைங்க வீட்டுல சொல்லிடுவேன்" என்றார்.

"எத்தனை சீட் சார்?"

"பன்னெண்டு."

"அதுக்கு வராது சார். இருபதுக்கு மேலதான். அக்கா மேடமைப் பாத்தே பேசினாங்களே, உங்ககிட்ட சொல்லலியா?" என்ற உதவியாளன் போன் வந்ததும் நகர்ந்துவிட்டான்.

லிஃப்ட்காரர் அவளிடம் வந்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"சிட்டு போன வண்டிக்கே கிடையாதா?"

"கிடையாதுங்க."

"வேணாம்னு சொல்ல முடிஞ்சிருக்குமா?"

"பேரை எடுக்கறேன்னு சொன்னாங்க. உங்களைக் கேட்டுச் சொல்லச் சொன்னாங்க." அவள் முந்தானை நுனியை மடித்துப் பிடித்தாள். "நீங்க மறுபடி பேச ஆரம்பிச்சதே இதாலதான். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரலைங்க."

"நான் பேசணும்ங்கறதுக்காகவா அவ பேரைக் கொடுத்த?" என்றார் அவர், மெதுவாக.

அவள் வாயாடியின் பையனைச் சொல்லலாமா என்று நினைத்தாள். அது உண்மைதான், ஆனால் அவள் பேசாமல் இருந்தது அதற்காக இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

உறுப்பினர் வந்து நடுவில் நின்றார். படம் எடுப்பவர் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "சார், அம்மாகிட்ட கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றார். உறுப்பினர் விலகி வழிவிட்டார். லிஃப்ட்காரர் நெருங்கி வந்து நின்றார். அவர் சட்டைக்கை அவள்மேல் படவில்லை.