படத்தில் வந்த அக்கா

ஒண்டிக்கடை பஜாரில் இருந்த போட்டோ ஸ்டுடியோவின் வாசல் கண்ணாடிப் பெட்டியில் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர் தன்னோடு தானே சீட்டாடிக்கொண்டிருந்தார். மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், இரண்டும் அவரே. இந்தப் பக்கத்துக்காரர் ஜெயித்து மீசையை முறுக்குவார், அந்தப் பக்கத்துக்காரர் தோற்றுத் தலையில் கை வைத்திருப்பார். ஏரி பார்க்க வந்தவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் படத்தை எடுத்தது என் மாமா, அம்மாவின் தம்பி. கடை வேறொருவருடையது, மாமா அங்கே சம்பளத்துக்கு இருந்தார். அம்மா ஒருமுறை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, ரெண்டு பேருக்கும் பொண்டாட்டி ஒருத்திதானா?" என்று கேட்டுச் சிரித்தாள். அதுதான் அவள் கடைசிச் சிரிப்பு என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அதற்கப்புறமும் ஒரு வருடம் நன்றாகத்தான் சிரித்தாள். என் அக்கா சாகும்வரை.

எங்களுக்குக் கரடியூர். அப்பாவுக்குக் கொஞ்சம் ராகிக் காடு, மற்ற நாட்களில் எஸ்டேட் வேலை. அக்காவுக்கு எட்டு வயது, எனக்கு ஏழு. ஆடி மாதத்தில் அவளுக்கு ஐந்து நாள் காய்ச்சல் அடித்தது. ஆறாம் நாள் அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். அவ்வளவுதான்.

அக்காவை யாரும் படம் எடுத்திருக்கவில்லை. மாமாவே ஸ்டுடியோவில் இருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

அம்மா படுத்துவிட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு இரண்டு மாதம் கிடந்தாள். அப்பா அவள் வாயில் ஊற்றும் கஞ்சித் தண்ணீரில் பாதி பாயில்தான் விழும். கை வளையல் முழங்கை தாண்டி ஏறியது. எப்போதாவது ஒரே பேச்சுதான் பேசுவாள்: "மொகம் வர மாட்டேங்குதுங்க. நடை வருது, சடை வருது. மொகம் மட்டும் வர மாட்டேங்குது." பக்கத்து வீட்டு அத்தை அப்பாவிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள், "இப்படியே கெடந்தா இவளும் அவ பின்னாலயே போயிருவாளுங்க."

அந்த நாட்களில் எனக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று விழுந்தது. பல்லைக் கையில் வைத்துக்கொண்டு பாய் ஓரத்தில் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள், எழுந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து பல்லைச் சாணியில் உருட்டி ஓட்டின்மேல் எறிந்தாள். டொக்கென்று சத்தம் கேட்டது. திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த இரண்டு மாதத்தில் அவளாக எழுந்து செய்த ஒரே காரியம் அது.

மாமா வந்து பார்த்துவிட்டுப் பாய் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பொய் சொன்னார். "அக்கா, வைகாசித் திருவிழாவுல துணி கட்டி புள்ளைங்க ரெண்டையும் ஒரு படம் புடிச்சேனே, ஞாபகம் இல்லியா? நீ வளையல் கடையில நின்னுட்டிருந்த. பிலிம் இன்னும் கழுவல. கழுவிக் கொண்டாறேன்." அம்மா திரும்பிப் படுத்தாள். இரண்டு மாதத்தில் முதல்முறையாக எங்கள் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தாள்.

என் முடி அப்போது முதுகைத் தொடும். சேர்வராயன் சாமிக்கு நேர்ந்த முடி. அப்பா கால் ஒடிந்து கிடந்ததில் மொட்டை இரண்டு வருடம் தள்ளிப் போயிருந்தது. அக்காவும் நானும் ஒரே அச்சு. பஜாரில் பழக்காரி, "ரெண்டும் பொட்டப் புள்ளைங்களா?" என்று அம்மாவைக் கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறாள்.

வாசலில் மாமா என் காதில் சொன்னார், "பொட்டியில அக்கா பாவாடை சட்டை இருக்குதில்ல? நாளைக்கு அத உள்ள போட்டுக்கிட்டு, மேல உன் சட்டையப் போட்டுக்கிட்டு வா சாமி. அம்மாவுக்குத் தெரியப்படாது."

கரடியூரிலிருந்து ஒண்டிக்கடை வரை செத்துப்போன அக்காவின் துணியை உள்ளே போட்டுக்கொண்டு நடந்தேன். பனி இறங்கியிருந்தது. மேல்சட்டை சில்லென்று நனைந்துவிட்டது. உள்ளே இருந்தது மட்டும் கதகதப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றிக் கொடுத்த மாதிரி.

முதலாளி சேலம் போயிருந்தார். மாமா கறுப்புத் துணியைப் பின்னால் தொங்கவிட்டு இரண்டு முக்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். கேமராக் கண்ணுக்கு முன்னால் பாதி வெட்டிய ஒரு கறுப்பு அட்டை. ஒரு பாதியை மூடி ஒரு படம், அட்டையைத் திருப்பி மறுபாதியை மூடி அதே பிலிமில் இன்னொரு படம். கேமரா ஒரு நூல் அசையக்கூடாது. ரைட்டர் சீட்டாடியது இப்படித்தான்.

"அக்காவ மட்டும் எடுத்தாப் போதாதுங்களா மாமா?"

"தனியா எடுத்தா உன்னப் போட்டு எடுத்ததுன்னு பாத்ததும் சொல்லிருவாங்க. நீயே பக்கத்துல உக்காந்திருந்தா, அவள நீன்னு எவன் நெனப்பான்?"

முதலில் என்னை நானாக எடுத்தார். முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, சட்டை டவுசரோடு வலது முக்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டி, பவுடர் பூசி, அக்காவின் துணியில் இடது முக்காலிக்கு மாற்றினார்.

"இப்ப நீ நீயில்ல கண்ணு. அவ எப்படி உக்காருவா?"

ஒரு காலை மடக்கி, தலையைச் சாய்த்து உட்கார்ந்தேன். நான் யோசிக்கவே இல்லை. உடம்பு தானாகப் போய் அப்படி உட்கார்ந்தது. மாமா கேமராவைப் போர்த்திய துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தார்.

"சிரி கண்ணு," என்றார் பிறகு. "அவ சிரிக்காம என்னைக்கு இருந்தா?"

சிரித்தேன். பக்கத்து முக்காலி காலியாக இருந்தது. அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார். நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

பிலிம் காய்ந்த பிறகு இருட்டறைக்குள் கூட்டிப்போனார். சிவப்பு பல்ப் எரிந்தது. மருந்துத் தட்டில் வெள்ளைக் காகிதத்தைப் போட்டு ஆட்டினார். முதலில் கறுப்பெல்லாம் வந்தது: முடி, ரிப்பன், நாலு கண்கள். முகம் இல்லாமல் கண்கள் மட்டும் தண்ணீருக்கடியிலிருந்து பார்த்தன. அப்புறம் மூக்கு வந்தது, கன்னம் வந்தது. "வர்றா பாரு, வர்றா பாரு," என்று மாமா முணுமுணுத்தார். செய்தவருக்கே அது தன் வேலை என்பது மறந்துவிட்டது. நான் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். என்னைத்தான் பார்க்கிறேன் என்று எனக்கும் தோன்றவில்லை.

மாமா படத்தை அம்மா கையில் கொடுத்தபோது அப்பா, அத்தை, நான் எல்லோரும் சுற்றி நின்றோம். அம்மா நெடுநேரம் பார்த்தாள். ஒரு விரல் அக்காவின் நெற்றியிலிருந்து மெல்ல இறங்கி வாயருகில் வந்து நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள்.

"ஆமாண்டா தம்பி," என்றாள். "அவதான்."

பிறகு அப்பாவைப் பார்த்து, "கஞ்சி இருந்தா ஊத்துங்க," என்றாள்.

மாமா வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை. அம்மாவை ஏமாற்றிவிட்டோம் என்ற பயம் எனக்கு. மறுநாள் அவள் அடுப்பு பற்றவைத்தபோது அந்தப் பயம் இன்னும் கூடியது.

படம் சுவரில் ஏறியது. ஊர் வந்து பார்த்தது. "நொம்ப அம்சமா இருக்குதுங்க, கூப்பிட்டா எந்திரிச்சு வந்துரும் போல," என்றார்கள். அத்தை, அது தன்னைப் பார்த்து ஒருதரம் கண் சிமிட்டியதாகச் சத்தியம் செய்தாள். கையெடுத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. அவர்கள் கும்பிட்டது என்னை. நான் கீழே உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தேன். அந்த வீட்டில் தனியாக இருக்க என்னால் முடியவில்லை. உள்ளேயிருந்து அம்மா "கண்ணு" என்று கூப்பிட்டால் உடனே பதில் சொல்லமாட்டேன். வேறு யாராவது "வர்றேம்மா" என்கிறார்களா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பேன். எனக்குப் புதுப்பல் முளைத்தது. படத்தில் அவளுக்கு முளைக்கிறதா என்று தினமும் போய்ப் பார்த்தேன்.

வருடத் திதி வந்தது. அப்பா பஜாரிலிருந்து பூ வாங்கி வந்து அக்கா இருந்த பாதியில் மட்டும் தொங்கவிட்டார். கண்ணாடிமேல் அவள் நெற்றியில் குங்குமம் வைத்தார். "பையன் பக்கம் படாமப் பாத்துக்குங்க, ஆகாது," என்றாள் அத்தை. அப்பா பூவை இன்னும் தள்ளிக் கட்டினார். அடுப்படியிலிருந்து வந்த அம்மா அதைப் பார்த்தாள். பூவை அறுத்து எறிந்தாள். முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தாள். அது அழிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். மகள் செத்ததை அவள் மனம் இன்னும் ஏற்கவில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் பொய் அவள் புத்தியைக் கெடுத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு லாரியில் ஏறினேன். அப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. அம்மா செத்த செய்தி வந்து சேர்ந்தபோது பத்து நாளாகியிருந்தது. வீட்டிலிருந்து அந்தப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் ஹூப்ளி பக்கம் பஞ்சர் கடை ஒன்றில் டயர் கழற்றிப் போட்டுக் காத்திருந்தேன். கடைக்காரரின் மகன் விழுந்த பல்லை எடுத்துத் தகரக் கூரைமேல் எறிந்தான். டொக்கென்று சத்தம். நான் லாரிக்குப் போய்ப் பையிலிருந்து படத்தை எடுத்தேன்.

அக்கா சிரிக்கிறாள். மேல்வரிசையில் ஒரு முன்பல் இல்லை. அக்காவுக்கு முன்பற்கள் இரண்டும் சாவதற்கு முந்தின வருடமே விழுந்து முளைத்திருந்தன, பெரிது பெரிதாக. அதைச் சொல்லித்தான் நான் அவளைக் கேலி செய்வேன். வைகாசித் திருவிழாவில் எனக்கும் எல்லாப் பல்லும் இருந்தது. விழுந்த அந்த ஒரு பல்லைச் சாணியில் உருட்டி எறிந்தது அம்மாவின் கை.

விரல் வாயருகில் வந்து நின்றபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் "அவதான்" என்றாள், கஞ்சி கேட்டாள், அடுப்பு பற்றவைத்தாள். சுற்றி நின்ற எங்கள் முகங்களைப் பார்த்திருப்பாள். எனக்கு அப்போது ஏழு வயது. உயிரோடு இருக்கும் மகன் நெற்றியில் வைத்த பொட்டைத்தான் பிறகு துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

அப்படியென்றால் அக்காவின் முகம் அவளுக்குக் கடைசிவரை வரவே இல்லை. எனக்கும்தான். அக்காவை நினைத்தால் இன்றைக்கும் என் முகம்தான் வருகிறது, ரெட்டைச் சடையோடு, ஒரு பல் இல்லாமல் சிரித்துக்கொண்டு.