சுவாமியாரின் டிராக்டர்

சிறுவயதில் மன்னாரில் எங்கள் தேவாலயப் பங்குச் சுவாமியாரிடம் ஒரு சின்ன ஜெர்மன் தோட்ட டிராக்டர் இருந்தது. எந்த வகையென்று எனக்குத் தெரியாது. 2005இல் ஜெர்மனியில், வுப்பர்டால் நகருக்கு அருகே பழைய இயந்திரச் சந்தையில் நானும் கணவரும் அதேபோல் ஒன்றைத் தேடினோம். நின்று பார்த்தபோது எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஏழு வயதில் இருந்த உயரத்துக்குக் குந்திப் பார்த்தேன். ஒன்றில் தவளைக் கண்கள்போல் பிதுங்கிய விளக்குகளை உடனே அடையாளம் கண்டேன்.

வாங்கிவந்து, குளிர்காலம் முழுக்க இருவரும் திருத்தினோம். இயந்திரம் ஓடியதும், மன்னாரிலிருந்த அண்ணனைத் தொலைபேசியில் அழைத்துச் சத்தத்தைக் கேட்கவைத்தேன்.

“இது இல்லைப் பிள்ளை. சுவாமியாற்ற மெஷின்ர சைலன்சர் ஓட்டையெல்லோ. தெருமுனையில வரேக்கையே எங்கட வீடு அதிரும்.”

புதிதாகப் போட்ட சைலன்சரைக் கணவர் கழற்றிவிட்டு மறுபடி இயக்கினார்.

“ஓம், பிள்ளை. இதுதான்” என்றார் அண்ணன்.