நிரந்தர வேலையும் கவிதாவின் குவார்ட்டர்ஸும்

ஜெர்மனியில் எங்கள் அலுவலகத்தில் ஒருவரைப் பாராட்டக் கைதட்டுவதில்லை. விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிறார்கள். நேற்று எல்லோரும் கவிதாவுக்காகத் தட்டினார்கள். நானும் தட்டினேன், வயிறு எரிய எரிய.

கவிதா என்னோடு நெய்வேலியில் படித்தவள். அங்கிருந்தபடியே இந்த நிறுவனத்துக்குக் காண்ட்ராக்டில் வேலை செய்கிறாள். இங்கே வந்தும் நான் காண்ட்ராக்ட்தான். சுரங்க இயந்திரங்களின் கையேடுகள் எக்ஸ்எம்எல் என்னும் கணினிக் கோப்புகளாக இருக்கின்றன. அவற்றில் பாகங்களின் பெயர் மாறும்போதெல்லாம் ஹாஸ்கெல் மொழியில் நிரல் எழுதித் திருத்துவது எங்கள் இருவர் பிழைப்பு. என் நிரல் பெயர்களை ஒழுங்காக மாற்றிவிட்டு, மெக்கானிக்குகள் இடையிடையே எழுதிவைத்த குறிப்புகளை விழுங்கிவிட்டது. அவளுடைய நிரல் ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை. இருப்பது ஒரே ஒரு பெர்மனன்ட் வேலை. அது அவளுக்குப் போனால் என் விசா முடிந்து நான் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

ஊர் என்றால் எது? அப்பா திருநெல்வேலியிலிருந்து நெய்வேலிக்குச் சுரங்க வேலைக்கு வந்தவர். ரிட்டயரானதும் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு, அம்மாவோடு சென்னையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் குவார்ட்டர்ஸ் பிறகு கவிதாவின் கணவருக்கு அலாட் ஆனது. நான் வளர்ந்த அறையில் உட்கார்ந்துகொண்டுதான் அவள் என்னை ஜெயிக்கிறாள். ஹாஸ்கெலில் திருத்தம் செய்தால் புதிய பிரதி ஒன்று உருவாகும், பழையது கலையாமல் அப்படியே இருக்கும். குவார்ட்டர்ஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அப்பாவின் பெயர்ப்பலகை இருந்த ஆணியில் இப்போது அவள் கணவர் பெயர் தொங்குகிறது.

லீவுக்கு வீட்டுக்குப் போகிறாயா என்று மேலாளர் மார்ட்டின் ஒருமுறை கேட்டார். அந்த வீட்டில் இப்போது கவிதா இருக்கிறாள் என்றேன். "தோழிக்கே கொடுத்துவிட்டாயா? எவ்வளவு நல்ல மனசு!" என்று நெகிழ்ந்துபோனார். நான் திருத்தவில்லை.

இன்று காலை கவிதா வீடியோவில் வந்தாள்.

"சுபா, பெர்மனன்ட் எனக்குத்தான்னு மார்ட்டின் சொன்னாரு. ஆனா அங்க வந்து இருக்கணுமாம். வேணான்னுட்டேன். உனக்குக் குடுக்கச் சொன்னேன், சரின்னுட்டாரு."

"ஏன்டி வேணான்ன?"

"இன்னாடி கேக்கற? வூட்ட வுட்டுட்டு எங்க வர்றது?"

வேலை கிடைத்துவிட்டது, விசாவும் பிழைத்தது. ஆனாலும் அவள் மேல் இருந்த பொறாமை இரட்டிப்பானது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு வீடு இருக்கிறதே!

அங்கே மழை பிடித்தது. "இந்த ஜன்னல் மூடவே மாட்டேங்குது. நீங்க இருந்தப்ப இன்னா பண்ணுவீங்க?" என்றாள்.

"கீழ்க் கொண்டியைத் தூக்கிட்டு இழு."

எழுந்துபோய் அப்படியே செய்தாள். ஜன்னல் மூடிக்கொண்டது. அதுவரை அவள் தோளுக்குப் பின்னால் தெரிந்துகொண்டிருந்த எங்கள் தெருவும் மறைந்தது.