எந்த வேனில் போனாய்?

சாத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வெள்ளைத்தாய் வணிகவியல் விரிவுரையாளர். தற்காலிக வேலை. ஒவ்வொரு ஜூனிலும் கல்லூரி நிர்வாகக் கமிட்டி மனது வைத்தால்தான் மறு ஆண்டு உண்டு. படித்த காலமெல்லாம் வீட்டில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றியவள் அவள். அம்மா கருப்பம்மாள் இன்னமும் விடியக்காலை வேன் ஏறி அச்சங்குளம் ஆலைக்குப் போய்வருகிறாள்.

2007 மார்ச்சில் எம்.காம். மாணவன் சிவபாண்டியின் ஆய்வேடு, வழிகாட்டியின் கையெழுத்துக்காக அவள் மேசைக்கு வந்தது. பட்டாசுத் தொழிலாளர்களுக்கு வேலையில் உள்ள மனநிறைவைப் பற்றியது. தடித்த அட்டை, பொன்னெழுத்து. மதுரையில் காசு கொடுத்தால் இப்படி எழுதித் தர ஆள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். வெள்ளைத்தாய்க்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஒரு பக்கம் விடாமல் படித்தாள்.

நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றாள். தீபாவளிக்கு அடுத்த வாரம் அச்சங்குளம் ஆலையில், வேலை நேரத்தில், ஐம்பது தொழிலாளர்களை நேரில் சந்தித்தானாம். நாற்பத்தாறு பேர் முழு நிறைவு என்றார்களாம்.

தீபாவளி முடிந்தால் ஆலைகள் ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிறைவா இல்லையா என்று அவள் அம்மாவிடம் இதுவரை யார் கேட்டார்கள்?

சிவபாண்டியைக் கூப்பிட்டாள். "எந்த வேன்ல போனே?"

"பைக்ல போனேன் மேடம்."

அவள் கையெழுத்துப் போடவில்லை. கல்லூரி முதல்வர் அழைத்துப் பேசினார். "கமிட்டியில இருக்காரே உக்கிரபாண்டி, அவர் பையன்மா. கையெழுத்தப் போட்டுருங்க. ஜூன் வருதுல்ல?"

"வரட்டும் சார்."

மறுநாள் உக்கிரபாண்டியே மகனோடு வந்துவிட்டார். "எம் மகன் பொய் சொல்லுதான்னு சொல்லுதீகளா?"

வெள்ளைத்தாய் அந்தப் பக்கத்தை எடுத்து வாய்விட்டு வாசித்தாள்.

கத்த வாயெடுத்தவர் அப்படியே நின்றார். ஆலை பூட்டும் மாதத்தில்தான் அவர் நிலத்து வேலைக்குக் கூலிக்கு ஆள் கிடைக்கும். அந்த வாரம் ஆள் ஏற்றிவர அச்சங்குளத்துக்கு டிராக்டர் அனுப்பியதே அவர்தான்.

"ஏலே, அவுக அம்புட்டுப் பேரும் நம்ம காட்டுலல்லா களை எடுத்தாக? நீ ஆலையில யாரைப் பாத்தே?"

சிவபாண்டி தரையைப் பார்த்தான். "மதுரையில எழுதி வாங்குனேம்ப்பா."

"புதுசா எழுதட்டும்ய்யா" என்றாள் வெள்ளைத்தாய். "வேன்ல போயி, ஒவ்வொருத்தரையும் கேட்டு, தன் கையால குறிச்சிட்டு வரட்டும். வாராவாரம் நான் பாக்கணும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இனி இதுதான்."

உக்கிரபாண்டி மகனை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சிவபாண்டி இரண்டு மாதம் வேனில் அலைந்தான். ஐம்பது பேர் கிடைக்கவில்லை, முப்பத்தெட்டுத்தான். நிறைவு என்றவர்கள் ஒன்பது பேர். கருப்பம்மாளையும் கேட்டிருந்தான்; அந்த ஒன்பதில் அவள் இல்லை. புது ஆய்வேடு வந்த அன்றே வெள்ளைத்தாய் அதில் கையெழுத்திட்டாள்.

ஜூனில் அவளுக்கு மறு ஆண்டு வேலைக்கான ஆர்டர் வந்தது. அடியில் உக்கிரபாண்டியின் கையெழுத்தும் இருந்தது. எதிரில் வந்தால் அவர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.