டப்பாவில் இருந்த நீளப் பெயர்

எழுபதுகளில் மாமல்லபுரத்தில் ஒரு கிளினிக்கில் நான் கம்பவுண்டர். வயலில் பூச்சிமருந்து அடித்து மயங்கிய ஒருவரை, உரக்கடையில் மூட்டை இறக்குகிறவர் தோளில் சுமந்து வந்தார். சுமந்து வந்தவருக்கு நரைத்த மீசை; இடுப்பில் அந்தப் பூச்சிமருந்து டப்பாவைச் சொருகியிருந்தார். எங்கள் டாக்டர் ஊரில் இல்லை. செங்கல்பட்டு டாக்டருக்குப் போன் போட்டேன்.

"என்ன மருந்து?" என்றார் அவர்.

டப்பாவின் மேல் முழ நீள இங்கிலீஷ் பெயர். எனக்கு நாக்கு குழறியது. மூட்டைக்காரர் ரிசீவரை வாங்கி, எழுத்துகளின் மேல் விரலை நகர்த்தி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"டை எத்தில்... பாரா நைட்ரோ பீனைல்... தயோ பாஸ்பேட்."

டாக்டர் சொன்ன ஊசியைப் போட்டேன். மாலையில் மயங்கியவர் கண் திறந்தார்.

"அந்தப் பேரை எப்படிண்ணே படிச்சீங்க?" என்று மூட்டைக்காரரிடம் கேட்டேன்.

"லாரி லோடை ஒரே வாட்டியாவா எறக்குறோம்? ஒண்ணொண்ணா எறக்கிகினே வந்தா முடிஞ்சிடும் சார்."

கெமிஸ்ட்ரி படித்த நான், அவர் கிளம்பும்போது எழுந்து நின்றேன்.