வெர்சாய் வரைபடத்தில் ஒட்டிய பொட்டு

சிரிக்கிறதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், ஆவி என்று யாராவது தொடங்கினாலே எழுந்து போகிற ஆள் நான். சுவிஸில் லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. கடிகார முகப்புகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, தூசோ கீறலோ இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். பதினைந்து வருடமாகக் கண்ணை மட்டும் நம்பிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு ஆவியாவது பூதமாவது என்றுதான் 2010ஆம் ஆண்டு கோடை வரைக்கும் இருந்தேன்.

முதலில் என் தங்கை வாசுகியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பாரிசில் இருக்கிறாள். எங்களுக்குள் பதினொரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அவளுடைய கல்யாணத்துக்கு நான் போகவில்லை, விசா கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அந்த நாளில் சுவிஸிலிருந்து பிரான்சுக்குப் போக எங்களுக்கு விசா வேண்டும். எனக்கு விசா கிடைத்திருந்ததை யாரோ ஒரு புண்ணியவான் அவளிடம் போட்டுக்கொடுத்துவிட்டான். உண்மை என்னவென்றால், கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஐந்தாம் மாதத்தில், என் வயிற்றுப் பிள்ளை இல்லாமல் போய்விட்டது. மங்கல காரியம் நடக்கிற வீட்டுக்கு அந்தச் செய்தியை அனுப்பலாமா? என் கணவரைத் தவிர சொந்தத்தில் யாருக்கும் சொல்லவில்லை. பிறகு அவள் என்னைப் பற்றி ஊரெல்லாம் பேசிய பேச்சு காதுக்கு வந்ததும், விளக்கம் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

விசாத் தொல்லை ஒழிந்த பிறகு என் கணவரும் வாசுகியின் கணவரும் தங்களுக்குள் பேசி எங்களைச் சேர்த்துவைக்கப் பார்த்தார்கள்.

"அவளின்ர வீட்டுப் படி நான் மிதிக்க மாட்டன்," என்றேன்.

"அவவும் அதைத்தான் சொல்லுறாவாம். அப்ப ரெண்டுபேரும் ராசாவின்ர படியைப் போய் மிதியுங்கோவன்," என்று என் கணவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டினார். அதில் வெர்சாய் அரண்மனைப் படம்.

பகிடிக்குச் சொன்னது, அதுவே முடிவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒரு மணி, அரண்மனையின் தங்க முலாம் பூசிய வாசல், ஆண்கள் வரக்கூடாது.

எதையும் திட்டம் போட்டுச் செய்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அரண்மனைத் தோட்டத்தின் வரைபடத்தை அச்சடித்துச் சமையலறை மேசையில் விரித்து, எந்த நீரூற்று எப்போது ஓடும், சோற்றுப் பார்சலை எந்த மரத்தடியில் பிரிக்கலாம் என்றெல்லாம் குறித்தேன். சந்திக்கிற இடத்துக்கு அடையாளமாக, குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு சிவப்புப் பொட்டை எடுத்து வாசலில் ஒட்டினேன்.

மறுநாள் பார்க்கிறேன், பொட்டு தோட்டத்தின் உள்ளே, தூண்கள் வட்டமாக நிற்கிற ஒரு சோலையில் இருக்கிறது.

"இஞ்சாருங்கோ, நீங்களோ இதை மாத்தினது?"

"எனக்கேனப்பா உம்மட பொட்டு?"

திரும்ப வாசலில் ஒட்டினேன். அடுத்த நாளும் அதே சோலை. புதன்கிழமை காலை வாசலில் அழுத்தி ஒட்டி, வரைபடத்தை மடித்துக் கைப்பையில் போட்டு வேலைக்குக் கொண்டுபோனேன். பின்னேர இடைவேளையில் விரித்தால், நம்பினால் நம்புங்கள், தூண்களுக்கு நடுவில் இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்து வாசலைப் பார்த்தேன். பசைத் தடம் இல்லை, கடதாசியில் ஒரு நார்கூடக் கிளம்பவில்லை. எனக்குப் பயம் வரவில்லை, இது எப்படி என்ற அரிப்புத்தான் வந்தது.

ஞாயிறு ஒரு மணிக்கு வாசலில் நின்றேன். ஒன்றரை, இரண்டு, இரண்டேகால். ஆயிரம் சனம், என் தங்கையைக் காணோம். அவளுடைய போன் இலக்கம் என்னிடம் இல்லை, வீட்டில் கேட்டு வாங்க ரோசம் விடவில்லை. வெயிலில் காயவைத்து அவமானப்படுத்தத்தான் சம்மதித்திருக்கிறாள், இனிச் செத்தாலும் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று ரயில் நிலையத்தை நோக்கி நாலடி வைத்தேன். ஆனால் அந்தச் சோலையில் என்னதான் இருக்கிறது என்று பார்க்காமல் போனால் மண்டை வெடித்துவிடும்போல் இருந்தது. திரும்பினேன், தோட்டத்துக்குச் சீட்டு வாங்கினேன், நடந்தேன்.

தூணடியில் வாசுகி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் பெருத்திருந்தாள், முன்மயிர் நரைத்திருந்தது.

"ஏனக்கா இவ்வளவு நேரம்? நீ சொன்ன இடத்திலதானே இருக்கிறன்."

"நான் எப்ப சொன்னனான்?"

"புதன்கிழமை பின்னேரம் போன் எடுத்தாயெல்லோ. வாசல்ல சனமாயிருக்கும், தூணடிக்கு வா எண்டு."

புதன் பின்னேரம் நான் தொழிற்சாலையில் இருந்தேன், என் கைபேசி லொக்கரில் பூட்டியிருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறக்கவும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை இல்லாமப் போனதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா. விசயம் தெரியாமல் நான் என்னவெல்லாம் கதைச்சுப்போட்டன்."

அவள் அழுதாள், நானும் அழுதேன். அது நான் இல்லையடி என்று சொன்னால் அந்தக் கையை விட்டுவிடுவாளோ என்று பயந்தேன். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

என் கணவர் யாரோ ஒரு பெண்ணைப் பிடித்துப் பேச வைத்திருப்பார் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் நல்லூர்க் கந்தன்மேல் சத்தியம் பண்ணினார், இரண்டு நாள் என்னோடு கோபமாகவும் இருந்தார். சரி, அவர் பொய்யே சொன்னார் என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் அன்று நிலையத்துக்கு நடந்து போகும்போது வாசுகி, "பிள்ளைக்கு வைக்க நினைச்ச பேரையும் சொன்னாயெல்லோ, வடிவான பேர்," என்று அந்தப் பெயரைச் சொன்னாள். அதை நான் அவருக்குக்கூடச் சொன்னதில்லை, எங்கும் எழுதியதில்லை, தனியாக இருக்கும்போதும் வாய்விட்டு உச்சரித்ததில்லை. உங்களுக்கும் சொல்ல மாட்டேன். என் மகளின் பெயரை இந்த உலகத்தில் முதன்முதலில் சத்தமாகச் சொன்னது என் குரல்தான் என்கிறாள் என் தங்கை, நான் அதை இன்னும் ஒருமுறையாவது சொன்னதில்லை.